சாக்பீஸ் வட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. ஸ்கேன் அறையின் சுவர்க் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு என் பட்டறையில் ஒரு லோடு வார்ப்பு வந்து இறங்க வேண்டும்; அதற்குள் போத்தனூர் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இத்தனை சரியாக நினைவில் நிற்கிறது.

அதுவரை டாக்டரம்மா பேசிக்கொண்டே இருந்தார். இது கை, இது முழங்கால், இதோ முதுகெலும்பு, பாசி கோத்த மாதிரி இருக்குது பாருங்க. என் மனைவி படுத்தபடியே எதிர்ச் சுவரில் இருந்த டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு கையை வாயருகே கொண்டுபோனது.

"அப்பனாட்டவே டீ கிளாஸ் பிடிக்குது பாருங்க" என்றாள்.

டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு கருவியைக் குழந்தையின் மார்புப் பக்கம் நகர்த்தினார். பேச்சு நின்றுவிட்டது. கருவி ஒரே இடத்துக்குப் போவதும் விலகுவதும் திரும்ப வருவதுமாக இருந்தது. மனைவியை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். திரையில் சிவப்பும் நீலமும் துடித்தன. கால்மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. என் மனைவி சிரிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவள் டிவியைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நாற்பத்தேழு வயது, அவளுக்கு நாற்பத்தொன்று. மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பதினேழு வருடம் கழித்து வந்த இந்தக் குழந்தையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. முதல் மூன்று மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. தொண்டாமுத்தூரில் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் கேட்டுவிட்டு, "ஏன்டா, மாமனாராகுற வயசுல அப்பனாகறயா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, மறுநாளே ஒரு மூட்டை இளநீரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். வெட்கம் போய்ச் சந்தோஷம் வந்தது அதற்குப் பிறகுதான். இருபத்தொன்றாம் வாரத்தில் எடுக்கும் முழு ஸ்கேனுக்குப் போன அன்று நாங்கள் இருவரும் புது உடுப்புப் போட்டிருந்தோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய், மகாதமனி, மேலே ஏறி வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவு மூச்சுக் குழாய்க்கு இடது பக்கமாகப் போக வேண்டும். எங்கள் குழந்தைக்கு அது வலது பக்கமாகப் போவதுபோலத் தெரிகிறது. கருவில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும் இன்னொரு குழாய் இடது பக்கமாக வந்து அதோடு சேர்கிறது. "ரெண்டும் சேர்ற இடத்துல வி எழுத்து மாதிரி தெரியணும்ங்க. இங்க யு மாதிரி தெரியுது. நடுவுல மூச்சுக் குழாய் மாட்டியிருக்கு." அபூர்வமானது, உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கருவின் இதயத்தை மட்டும் பார்க்கும் நிபுணரிடம் போக வேண்டும் என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"குழந்தைக்கு மூச்சு முட்டுமுங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"வயித்துக்குள்ள மூச்சே விடறதில்லீங்களே, இப்ப ஒண்ணுமில்ல. பொறந்தப்புறம் சில குழந்தைக்கு மூச்சுல சத்தம் வரலாம், பால் குடிக்கச் சிரமப்படலாம். நிறைய குழந்தைக்கு ஒண்ணுமே இருக்காது. எதுக்கும் அவர்கிட்ட காட்டிருங்க. எங்க பிரசவம் வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணவாவது காட்டிருங்க."

அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் என் காதில் ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது. போகிறது என்று சொல்லவில்லை. போவதுபோல என்றார்.

இங்கே என் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நான் செய்த காரியம் யாருக்கும் புரியாது.

தண்ணீர் மோட்டார்களுக்கான பம்ப் பாடிகளை, அதாவது இரும்பு வெளிக்கூடுகளை, கடைந்து கொடுக்கிறோம். சின்னப் பட்டறைதான். அளவு சரிபார்ப்பது கோட்டைமேட்டிலிருந்து வரும் ஒரு பாய். இருபது வருடத்துக்கும் மேலாக என்னோடு இருக்கிறார், என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் கொண்டுவந்த விதி ஒன்று எங்கள் பட்டறையில் உண்டு. ஒரு பாடியை முதல் ஆள் அளந்து எழுதியதை இரண்டாம் ஆளுக்குக் காட்டக் கூடாது. தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட வேண்டும். "மொத ஆளு சொன்ன நம்பர் காதுல விழுந்துட்டா, ரெண்டாவது ஆளோட கண்ணும் அதையேதான் பாக்கும் மொதலாளி" என்பார். இந்த ஒரு விதியால் எங்கள் சரக்குக்கு ஊரில் நல்ல பெயர். நானும் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் என் சொந்த யோசனைபோல அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்கேன் சென்டரிலிருந்து காரில் வரும்போது மனைவியிடம் சொன்னேன்: "அந்த இதய டாக்டர்கிட்ட இப்பவே போகவேண்டாம். வேற ஒரு ஸ்கேன் சென்டர்ல சாதாரணமா, மொதல் தடவை வார மாதிரி போலாம். இந்தப் பேப்பரைக் காட்டவேண்டாம். காட்டினா அவரும் இதையேதான் பாப்பாரு."

"டாக்டர்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் எங்க சொல்றோம் அம்மணி? சும்மா இருக்கறோம்."

அவள் காரில் ஏறியதிலிருந்து வயிற்றின் மேல் வைத்திருந்த கையை எடுக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொய்யா இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். டாக்டரம்மா சொன்னது பொய்யாக இருந்தால் என்ற அர்த்தத்தில். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் அறிக்கையையும் கடிதத்தையும் மடித்துப் பட்டறை மேசையின் இழுப்பறையில் போட்டேன். நான்காக மடித்தேன், பாய் மடிப்பதுபோலவே.

நான்கு நாள் கழித்து இன்னொரு சென்டர். மறுபடியும் அதே படிவம்: குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய எனக்கு விருப்பமில்லை என்று மனைவி கையெழுத்துப் போட்டாள். இதற்கு முன் எங்கேயாவது ஸ்கேன் எடுத்தீர்களா என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். மூன்றாம் மாதம் எடுத்ததை மட்டும் சொன்னேன். மனைவி தரையைப் பார்த்தாள்.

இந்த டாக்டர் அதிகம் பேசாதவர். பார்த்து முடித்ததும் மனைவி எழுந்து அவசரமாகக் கழிவறைக்குப் போனாள். அத்தனை தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்கள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்குதுங்க" என்றார். அதற்கு மேலும் என்னவோ சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த இரண்டு சொல்லிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, கழிவறையிலிருந்து வந்தவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை.

அறிக்கை மூன்று பக்கம். முதல் பக்கத்தின் அடியில் இருந்த வரியை மட்டும் படித்தேன். அன்றைக்குப் பட்டறை முழுக்க மைசூர்பா கொடுத்தேன். பாய் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "நானெல்லாம் பேரன் எடுத்துட்டேன். நீங்க இப்பத்தான் புது பேட்ச் ஓட்டறீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை வரப்போகிற சந்தோஷத்துக்கு மைசூர்பா என்றுதான் அவரும் நினைத்தார்; ஸ்கேன் விஷயத்தை நான் சொல்லவில்லை.

அடுத்த ஐந்து வாரம் போல நல்ல நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மாலையில் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். மகள் இயற்பியல் புத்தகத்தை அம்மாவின் வயிற்றில் சாய்த்து வைத்துப் படிப்பாள். குழந்தை உதைத்தால் புத்தகம் நகரும். "அப்பா, நியூட்டனோட மூணாவது விதி வேலை செய்யுதுப்பா!" என்று கத்துவாள். பவானியிலிருந்து என் மாமியார் தினமும் போன் செய்தார். மூத்தவள் பிறந்த அதே ஆஸ்பத்திரியில், தன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் இதுவும் பிறக்க வேண்டும், எட்டாம் மாதம் முடிந்ததும் அனுப்பிவிடுங்கள் என்றார். நானும் சரி என்றேன். புது ஜமக்காளம் இரண்டு வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார். அது சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு டாக்டர்கள், எட்டுக் கட்டில். நல்ல மனிதர்கள். பிறந்த குழந்தைக்கு மூச்சு திணறினால் கோயமுத்தூருக்குத்தான் அனுப்புவார்கள். வழியில் இரண்டு மணி நேரம்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை, நாங்கள் அனுப்பிய பம்ப் பாடிகளில் பன்னிரண்டு திரும்பி வந்தன. கூடவே ஒரு சீட்டு: தண்ணீர் கசிகிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. பாய் ஒவ்வொன்றாக வாயை அடைத்து, தண்ணீர் ஏற்றி, அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய் வந்து மறுபடி பார்த்தார். பதினோரு பாடியில் கசியும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டாவது மட்டும் பிடிகொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தபடி புலம்பினார்.

"கசியுது, கசியுதுன்னு எழுதத் தெரிஞ்சவனுக்கு, எங்கன்னு ஒரு சாக்பீஸ் வட்டம் போடத் தெரியாதுங்களா? கண்ணால பாத்தவன் அவன்தானே? வட்டம் போட்டு அனுப்பியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. மறைச்சு வெச்சுட்டு எங்கள டெஸ்ட் பண்றானாக்கும்."

நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்: "நாமளும்தான் பாய் மறைக்கறோம். உங்க ரூல்தானே?"

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது அளவுக்குங்க மொதலாளி. அளவுங்கறது எல்லாருக்கும் ஒரே இடத்துல இருக்கு, கேஜ் வெச்சா தெரிஞ்சுபோயிரும். கசிவு அப்பிடியா? அது தேடறதுங்க. தேடற ஆளுகிட்டப் போய் மறைப்பாங்களா யாராவது?"

மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். நான்காக மடித்த தாள் அப்படியே இருந்தது. இரண்டாவது சென்டரின் அறிக்கையும் அதற்கு மேலேயே கிடந்தது. முதல் தடவையாக மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். குழந்தை கவிழ்ந்து படுத்திருந்ததால் இதயத்துக்கு மேலே உள்ள பெரிய குழாய்களை முழுமையாகப் பார்க்க முடியவில்லை, இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரவும் என்று இருந்தது. நல்ல கொட்டை எழுத்தில்தான் இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே அன்று சொன்னது அதுதான்.

வீட்டுக்குப் போனேன். மனைவி சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு அறிக்கைகளையும் அவள் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"என் வயித்துல இருக்கறது உங்களுக்குப் பம்ப் பாடியாங்க?" என்றாள்.

கீழே சிதறிய அவரைக்காயைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

"உங்களைச் சொல்லி என்ன? நீங்க செஞ்சுபோட்டீங்க. நானும் வாயை மூடிட்டுத்தானே படுத்திருந்தேன். அந்த டாக்டர் கருவியை அழுத்திட்டு இருக்கறப்ப ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு முழுங்கிட்டேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "நாளைக்குக் காலைல அந்த இதய டாக்டர். ஒரு பேப்பர் உடாம எல்லாத்தையும் நான்தான் எடுத்துட்டு வாரேன். நீங்க காரை மட்டும் ஓட்டுங்க."

மகள் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். என்னிடம் பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த இதய நிபுணர் என்னைவிட வயதில் சின்னவர். மனைவி தாள்களை வரிசையாக அடுக்கி மேசையில் வைத்து, நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் என்னைத் திட்டவில்லை. முதல் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த டாக்டர் ரொம்ப நல்லாப் பாத்திருக்காங்க. எங்க பாக்கணும்னு எனக்குச் சொல்லிட்டாங்க" என்றார். விளக்கை அணைத்தார். குழந்தை அன்றும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மனைவியை எழுந்து அரை மணி நேரம் வராண்டாவில் நடக்கச் சொன்னார். நடந்தாள், நான் அவள் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நடந்தேன். திரும்பிப் போனபோது குழந்தை புரண்டிருந்தது.

அந்தப் படத்தை நானும் அன்று ஒழுங்காகப் பார்த்தேன். நடுவில் சின்னக் கறுப்புப் புள்ளி, அதுதான் மூச்சுக் குழாய். அதன் வலது பக்கம் ஒரு குழாய், இடது பக்கம் ஒரு குழாய், இரண்டும் பின்னால் போய்ச் சேர்கின்றன. டாக்டர் திரையின் மேல் விரலால் சுற்றிக் காட்டினார். பாய் கேட்ட சாக்பீஸ் வட்டம் அதுதான். ஆறு வாரத்துக்கு முன்பே டாக்டரம்மா போட்டுக் கொடுத்துவிட்டார். நான் மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

"டாக்டரம்மா சொன்னது சரிதாங்க. வலது பக்க வளைவு, சுத்தி ஒரு வளையம். ஆனா இதயத்தோட நாலு அறையும் நல்லா இருக்கு, வால்வெல்லாம் நல்லா இருக்கு. வளையம் தளர்வாத்தான் தெரியுது. பொறந்தப்புறம் இறுக்குமா இறுக்காதான்னு இப்பவே சத்தியம் பண்ண முடியாது. இறுக்கினா ஆபரேஷன் இருக்கு, செய்யற ஆளுங்க இந்த ஊர்லயே இருக்காங்க."

பயந்துகொண்டே கேட்டேன்: "நான் லேட் பண்ணினதால ஏதாவது..."

"குழாய் நீங்க லேட் பண்ணினதால வளையலீங்க. முன்னாடியே வந்திருந்தா பனிக்குட நீரை எடுத்து மரபணுச் சோதனை பண்றதப் பத்தி நிதானமாப் பேசியிருக்கலாம். இப்பவும் பண்ணலாம், இல்லீன்னா பொறந்தப்புறம் ரத்தத்துலயே பாத்துக்கலாம்." மனைவி பிறந்த பிறகே போதும் என்று சொல்லிவிட்டாள். "ஆனா பிரசவம் பவானியில வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு மூச்சுக் குழாய் போடத் தெரிஞ்ச டாக்டர் பக்கத்து அறையில நிக்கற எடத்துல வெச்சுக்குங்க."

மாமியாரிடம் மனைவியே போனில் சொன்னாள். "அப்ப ஜமக்காளத்தை நான் அங்க எடுத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டாவது சென்டர் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் டாக்டரம்மாவின் தாளைப் பார்த்துவிட்டு, "இது மேசையில இருந்திருந்தா நானும் உங்க சம்சாரத்தை வராண்டாவுல நடக்க விட்டிருப்பனுங்க" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

பாயிடம் சொன்னதுதான் பெரிய சங்கடமாகப் போயிற்று. யாரிடமாவது சொல்லி ஆக வேண்டும் என்று இருந்தது, அவரைவிட நெருங்கிய ஆள் பட்டறையில் இல்லை. சொல்லி முடிக்கும் வரை அவர் கையிலிருந்த கேஜைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னோட ரூலையா மொதலாளி எடுத்துட்டுப் போய் அங்க போட்டீங்க?"

"உங்க தப்பு ஒண்ணும் இல்ல பாய்."

"இரும்புக்குச் சொன்னதுங்க அது. இரும்புக்குச் சொன்னது." அதையே இரண்டு தடவை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேலையைத் தவிர வேறு எதையும் என்னிடம் பேசவில்லை. கிண்டல் நின்றுபோயிற்று. வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கமாட்டார். நானாகச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அளந்த தாளை மட்டும் வழக்கம்போல மடித்து இழுப்பறையில் போடுவார். போடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது தன் வாயால் ஆனதென்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

முப்பத்தெட்டாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை, அறுவைச் சிகிச்சையில் குழந்தை பிறந்தது. நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. பச்சைக் குழந்தை டாக்டர் முன்கூட்டியே உள்ளே போய் நின்றுகொண்டார். வெளியே ஜமக்காளத்தை விரித்து மாமியாரும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். முதல் அழுகை கேட்டது. கூர்மையாக, எங்கேயும் அடைக்காமல். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, கேட்டுச்சா? சத்தமே இல்லப்பா!" என்றாள். அத்தனை பெரிய அழுகையைக் கேட்டுவிட்டுச் சத்தமே இல்லை என்றவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மூச்சில் சத்தம் இல்லை என்று சொல்ல வந்திருக்கிறாள். பெண் குழந்தை.

ஆனால் மூன்றாம் நாள் ஒரு சின்னச் சத்தம் வந்தது. பால் குடித்து முடிக்கும்போது மட்டும், தொண்டையில் மெல்லிய இரைச்சல். டாக்டர் கேட்டார், படம் எடுத்தார், இதய நிபுணரும் வந்து எக்கோ பார்த்தார். ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறது, பால் குடிக்கிறது, எடை பார்ப்போம், மூன்று மாதத்தில் ஒரு முறை விரிவாகப் பார்த்துவிடலாம் என்றார்கள். மனைவி ஏற்றுக்கொண்டாள். எனக்குத்தான் அந்தச் சத்தம் காதில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துப் படுக்கையில் யாராவது நாற்காலியை நகர்த்தினாலும் எழுந்து போய்த் தொட்டிலில் குனிந்து பார்த்தேன். மகள், "அப்பா, அவளத் தூங்க விடுங்க, இல்லீன்னா உங்களத்தான் அட்மிட் பண்ணோணும்" என்றாள். மறுபடியும் என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்திருந்தாள். அது போதும் எனக்கு.

இப்போது அவளுக்கு ஏழு மாதம். மூன்றாம் மாதம் எடுத்த படத்தில் வளையம் இறுக்கவில்லை. மரபணுச் சோதனை நன்றாகவே வந்தது. எடை ஏறுகிறது. வேகமாகப் பால் குடித்தால் அந்த இரைச்சல் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. வளர வளரக் குறையும் என்கிறார்கள், குறையாவிட்டால் செய்ய வேண்டியதும் தெரியும். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். நான் மட்டும் இன்னும் எந்த அறிக்கை வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன். பட்டறைக் கடிகாரத்தில் பதினொன்று பத்து ஆகும்போது கை தானாக போனை எடுக்கிறது. மனைவி எடுத்தவுடனே, "மூச்சு உடறாங்க, நானும் உடறனுங்க. வைங்க போனை" என்று சொல்லிவிடுகிறாள்.

ஆனால் இந்தக் கதையை ஆஸ்பத்திரியின் ஐந்தாம் நாளில் முடிக்கத்தான் எனக்குப் பிடிக்கிறது.

அதுவரை பட்டறையிலிருந்து எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பாய் வரவில்லை. அவர் வீட்டம்மா நோன்புக் கஞ்சிபோல ஒன்றைக் காய்ச்சித் தூக்குப் போசியில் கொண்டுவந்து மனைவிக்குக் கொடுத்துவிட்டு, "அவருக்கு வர பயமா இருக்காம் தம்பி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை, பார்வையாளர் நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் கதவு மெதுவாகத் திறந்தது. வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வாங்க பாய்" என்றாள் மனைவி. "புது பேட்ச் வந்துருச்சு, இன்ஸ்பெக்ஷன் பண்ண ஆளக் காணோமேன்னு பாத்துட்டிருந்தேன்."

அவர் சிரிக்க முயன்றார். குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். குழந்தை அப்போதுதான் பால் குடித்து முடித்திருந்தது. அந்த இரைச்சல் லேசாக இருந்தது. பட்டறையில் மோட்டார் ஓடும்போது பாய் ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று அதில் சொல்லிவிடுவார், தவறியதில்லை. இப்போதும் அப்படித்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிலின் மேல் குனிந்தார். கண்ணை மூடினார். அறையில் யாரும் அசையவில்லை. டாக்டர்கள் எத்தனை பேர் கேட்டுச் சொல்லிவிட்டார்கள், இருந்தும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

நிமிர்ந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சத்தம் இருக்குதுங்க மொதலாளி. இல்லீன்னு சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா இது நிக்கப் போற மோட்டாரோட சத்தமில்லீங்க. ஓடற சத்தம்."